கயிற்றால் அளந்த டயர்

பின்சக்கரத்தில் காற்றுக்குப் பதிலாக வைக்கோலைத் திணித்துக்கொண்டு மிக்கேலின் மோட்டார் சைக்கிள் வரதராஜன்பேட்டைத் தெருவுக்குள் நொண்டியபடி வந்தது. அடுப்படியில் இருந்த செபஸ்தியம்மாள் சத்தத்தைக் கொண்டே பாதி விஷயத்தைத் தெரிந்துகொண்டாள். நல்ல நாளில் அந்த வண்டி வருவது தூரத்தில் மழை கட்டுகிற மாதிரி கனமாகக் கேட்கும். இன்று ஈரத்துணியைக் கல்லில் அடிப்பது போல் தொப்புத் தொப்பென்று கேட்டது.

வாசலில் வண்டி நின்ற பிறகும் மிக்கேல் இறங்கவில்லை. அகலமான கைப்பிடியின் மேல் இரண்டு முழங்கைகளையும் ஊன்றித் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னாச்சுங்க?"

"உடையார்பாளையம் தாண்டி வெடிச்சிருச்சு. டியூப்பு நார் நாராப் போயிருச்சு. ஒரு களத்துல வைக்கோல் கேட்டு அடைச்சுக்கிட்டு ஓட்டியாந்தேன்."

"பேப்பரு?"

"ஜெயங்கொண்டத்துல போட்டுட்டேன். வேணுகோபால் வையாத வசவு இல்ல."

அந்த வண்டி அமெரிக்கப் பட்டாளத்தினுடையது. சண்டை முடிந்து திருச்சியில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது மிக்கேல் எடுத்தது. பெட்ரோல் டாங்கி சினை எருமையின் வயிறு மாதிரி இருக்கும். உட்காரும் தோல் இருக்கைக்கு அடியில் ஆட்டுரல் கனத்துக்கு ஸ்பிரிங்குகள். சாய்த்து நிறுத்தினால் நிமிர்த்த இரண்டு ஆள் வேண்டும். அதை வைத்துத்தான் அவன் விடியற்காலை அரியலூர் ஸ்டேஷனுக்குப் போய், மதராஸ் ரயிலில் வரும் பத்திரிகைக் கட்டுகளை எடுத்து, ஜெயங்கொண்டத்தில் ஏஜெண்ட் வேணுகோபாலிடம் சேர்த்து, மீதியை மீன்சுருட்டி வரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவான். தேசம் என்ன ஆகப்போகிறதோ என்று எல்லோரும் பேப்பருக்கு வழி பார்த்துக்கொண்டிருந்த காலம். பஸ்ஸில் போட்டால் அது சாயங்காலம்தான் வரும். "சாயங்காலம் வந்தா அது பேப்பர் இல்லப்பா, பொட்டலம் மடிக்கற காயிதம்" என்பார் வேணுகோபால்.

அந்த வேணுகோபால்தான் இன்று கெடு வைத்திருந்தார். ஞாயிறு வரைக்கும் பொறுத்துக்கொள்வாராம். திங்கட்கிழமை காலையில் வண்டி அரியலூர் ஸ்டேஷனில் நிற்காவிட்டால் வேலையைக் கும்பகோணத்துக்காரன் ஒருவனுக்குக் கொடுத்துவிடுவாராம். அவனிடம் கார் இருக்கிறதாம்.

மிக்கேல் இதைச் சொன்னபோது குரலில் கோபம் இல்லை. கவலையும் இல்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு, துண்டால் துடைத்தபடியே, "போனாப் போவுது. இளையபெருமாளும் திங்கக்கிழமை ரயிலுக்குத்தான் போறான்" என்றான்.

செபஸ்தியம்மாள் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

இளையபெருமாள் பூலாம்பாடிக்காரன். பட்டாளத்தில் மிக்கேலோடு ஒரே கூடாரத்தில் கிடந்தவன். சண்டை முடிந்தும் ஊருக்குத் திரும்பாமல் அஸ்ஸாமிலேயே தேயிலைத் தோட்டத்து லாரியில் சேர்ந்துவிட்டான். இப்போது லீவில் வந்திருக்கிறான். வந்த நாளிலிருந்து, "உனக்கும் ஒரு லாரி இருக்குடா, வந்து சேரு" என்று மிக்கேலைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். மோட்டார் சைக்கிள் வேலை இருந்ததால் மிக்கேல் பதில் சொல்லவில்லை. வேலை போய்விட்டால் அவன் பதில் சொல்லவே வேண்டியதில்லை. ரயில் ஏறினால் போதும்.

அவன் முன்பு பட்டாளத்துக்குப் போனபோது செபஸ்தியம்மாள் வயிற்றில் பிள்ளை. அவன் திரும்பி வந்தபோது அந்தப் பிள்ளை ஓடி வந்து, "அம்மா, ஒரு சிப்பாய் வந்திருக்காரு" என்றது. இரண்டுக்கும் நடுவில் அவள் எத்தனை தடவை தபால்காரன் பின்னால் ஓடியிருப்பாள் என்று அவளுக்கே நினைவில்லை. இன்னொரு தடவை ஓட அவள் காலில் தெம்பு கிடையாது. இந்த வண்டியை அவளுக்குப் பிடிக்காது. எண்ணெய் ஒழுகும், பிள்ளை தொட்டால் சுடும், வாசலில் பாதியை அடைத்துக்கொள்ளும். ஆனால் அவனை ஊரில் கட்டிப்போட்டிருக்கிற கட்டுத்தறி அதுதான்.

"டயரு எங்க கெடைக்கும்?" என்றாள்.

"புது டயருக்குப் பெர்மிட்டு வேணும். அதெல்லாம் ஆவாது புள்ள."

"புதுசு எதுக்கு? பழசு எங்க கெடைக்கும்னு கேட்டேன்."

அவன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "அரியலூர்ல கேட்டுப் பாக்கலாம்" என்றான். சொன்ன விதத்தில், கேட்டாலும் கிடைக்காது என்பதும் சேர்ந்தே இருந்தது.

என்ன அளவு டயர் என்று கேட்டதற்கு, "எழுத்தெல்லாம் தேஞ்சு போச்சு" என்றான். அது நிஜம். பக்கவாட்டில் இருந்த அச்செழுத்து எல்லாம் ரோட்டோரக் கல்லில் உரசி வழுக்கையாகியிருந்தது. சக்கரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாமே என்றாள். கழற்றினால் வண்டி படுத்துவிடும், இந்த எருமையைத் தூக்கி நிறுத்த ஆள் தேட வேண்டும் என்றான். சரி என்று அவள் கொடியிலிருந்து ஒரு கற்றாழை நார்க் கயிற்றை உருவிக்கொண்டு வந்தாள்.

அவள் அப்பா பாரவண்டி ஓட்டியவர். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போட வேண்டிய சமயத்தில் சக்கரத்தைச் சுற்றிக் கயிறு பிடித்து, முனை சேரும் இடத்தில் முடிச்சுப் போட்டு, அந்தக் கயிற்றை மட்டும் கொல்லனுக்குக் கொடுத்தனுப்புவார். பட்டா வந்து சக்கரத்தில் உட்காரும்போது நகம் நுழைய இடம் இருக்காது. கயிற்றின் மறுமுனையைப் பிடிப்பது சின்ன வயசில் செபஸ்தியம்மாளின் வேலை. இப்போது அவள் பின்சக்கரத்தின் மேல் தேய்ந்த டயரைச் சுற்றிக் கயிற்றைப் பிடித்தாள். முனை சேர்ந்த இடத்தில் இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"இது பொய் சொல்லாது" என்றாள்.

மிக்கேல் முடிச்சைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தவன் போல வாயைத் திறந்து, கொட்டாவி விட்டான்.

*

மறுநாள் பிள்ளையை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு இருவரும் பஸ் ஏறினார்கள். பெட்ரோல் தட்டுப்பாட்டில் அந்த பஸ் கரியில் ஓடியது. பின்னால் ஒரு பீப்பாய் அடுப்பு கட்டியிருந்தார்கள். மேடு வந்தால் பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றுவிடும். ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். மிக்கேல் ஒவ்வொரு தடவையும் இறங்கினான், தள்ளினான், ஏறினான். செபஸ்தியம்மாள் மடியில் சுருட்டி வைத்த கயிற்றின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கரிப்புகையில் வெளியே முந்திரித் தோப்பும் செம்மண்ணும் கலங்கித் தெரிந்தன. யாரோ வேறொரு ஆளுடைய கனவுக்குள் தெரியாமல் ஏறி உட்கார்ந்துவிட்ட மாதிரி அவளுக்கு இருந்தது.

அரியலூரில் சைக்கிள் கடைக்காரர் கயிற்றை நீட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"ஏம்மா, எருமை மாட்டுக்குக் கொலுசு கேக்கறியே! நம்மகிட்ட எல்லாம் ஆட்டுக்குட்டிக் கொலுசுதான் இருக்கு."

"எருமைக்கு யாருகிட்டங்க கேக்கறது?"

"பெரம்பலூரு போங்க. லெப்பைக்குடிக்காட்டு பாய் ஒருத்தரு பட்டாளத்து டயரா வாங்கிக் குமிச்சு வச்சிருக்காரு. காதர் ராவுத்தர்னு கேளுங்க."

மிக்கேல் அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தான். "இன்னிக்கு முடியாது. திரும்பிரலாம்" என்றான்.

"ஏன் முடியாது?"

"உடம்பு அசத்துது புள்ள."

"எனக்கும்தான் அசத்துது. பஸ்ஸுல உக்காந்து அசரலாம், எழுந்திரிங்க."

பெரம்பலூரில் ராவுத்தரின் கொட்டகை ஒரு புளியமரத்தடியில் இருந்தது. டயர்களைக் கிணற்று உறை மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார். உள்ளே வெயிலில் காய்ந்த ரப்பர் நாற்றம் மூக்கை அடைத்தது. ராவுத்தர் ஒரு லாரி டயரின் நடுவில் பலகை போட்டு, அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி, வாம்மா. பட்டாளத்து வண்டியா? ஆண்டவன் புண்ணியத்துல அதுக்கு இல்லாத டயரா? இந்த மூலையில பாருங்க."

மிக்கேல் கொட்டகையின் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டான். மூலைக்குப் போனது செபஸ்தியம்மாள்தான். எடுத்த எடுப்பில் ஒரு டயரை ராவுத்தர் உருட்டிவிட்டார். பளபளவென்று இருந்தது. அவள் விரல் கணுவால் தட்டினாள். பானை தட்டிப் பார்க்கிற மாதிரி காதைக் கொடுத்துக் கேட்டாள். உள்ளே கையை விட்டுத் தடவினாள்.

"இது ஒட்டுப் போட்டதுங்க. மேல ஒரு தோலு, கீழ ஒரு தோலு. சத்தம் ரெண்டாக் கேக்குது."

ராவுத்தர் தாடியைத் தடவினார். "தம்பி, உம்ம வூட்டம்மாவ நம்ம கடையில வேலைக்கு விடுறீரா?"

"கூட்டிக்கங்க பாய்" என்றான் மிக்கேல், திரும்பிப் பார்க்காமலே.

கடைசியில் இரண்டு டயர்கள் மிஞ்சின. ஒன்று குண்டு டயர். நன்றாகப் புடைத்து, நடு ஓட்டை சின்னதாக இருந்தது. பக்கவாட்டில் கொஞ்சம் வெளுத்திருந்தது. இன்னொன்று பட்டாளத்து டயர். அதைவிட ஒல்லி. ஆனால் மேலே வெட்டி வைத்த வெல்லக்கட்டி மாதிரி ஆழ ஆழமான பல். எந்தச் சேற்றிலும் பிடிக்கும் போல இருந்தது. கயிற்றைக் குண்டு டயரில் சுற்றினாள். முடிச்சு கச்சிதமாகச் சேர்ந்தது. பட்டாளத்து டயரில் சுற்றினாள். அதிலும் சேர்ந்தது. அவள் திகைத்து நின்றாள்.

"ரெண்டும் சரியா இருக்குங்களே?"

"வெளிவட்டம் கிட்டத்தட்ட ஒண்ணுதாம்மா" என்ற ராவுத்தர் நிலைப்பக்கம் குரல் கொடுத்தார். "தம்பி, உம்ம சக்கரம் பதினெட்டா, பதினாறா? அதச் சொல்லிட்டா முடிஞ்சு போச்சு."

மிக்கேல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். வடக்கே போகிற லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. புழுதி அடங்கும்வரை பார்த்துவிட்டு, "பதினெட்டு" என்றான்.

"அப்ப பட்டாளத்து டயருதான். எடுத்துக்க தாயி."

அவள் மனதுக்குப் பிடித்ததும் அதுதான். கடலை விற்ற காசை எண்ணாமலே முடிச்சோடு கொடுத்தாள். ராவுத்தர் எண்ணிப் பார்த்து மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு டியூப்பையும் தேடி எடுத்து வைத்தார்.

அரியலூர் வரை பஸ்ஸில் வந்து, அங்கே சந்தைக்கு வந்திருந்த அண்ணன் சவரிராஜின் மாட்டுவண்டியில் ஊர் திரும்பினார்கள். செபஸ்தியம்மாள் டயரைக் கால்மாட்டில் நிறுத்தி, அதன் மேல் கையைப் போட்டுக்கொண்டாள். டயரின் வட்டத்துக்குள் பனைமரங்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன, போயின. பொழுது இறங்குகிற நேரத்துச் சிவப்பு அந்த வட்டத்துக்குள் மட்டும் கூடுதலாக இருந்தது போலத் தோன்றியது. வெகு நாளைக்குப் பிறகு அவள் அசதியில் ஒரு சுகம் இருந்தது.

*

மறுநாள் காலையில் சவரிராஜ் வண்டியைத் தூக்கிப் பிடிக்க, அடியில் கட்டை கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினார்கள். பழைய டயருக்குள்ளிருந்து நசுங்கிய வைக்கோல் கற்றை கற்றையாக வந்தது. வாங்கி வந்த டயரைச் சக்கரத்தின் மேல் வைத்தவுடன் அது தொப்பென்று கீழே இறங்கி, சக்கரத்தைச் சுற்றிக் கழன்ற வளையல் மாதிரி கிடந்தது. இரும்புக்கும் ரப்பருக்கும் நடுவில் விரல் தாராளமாக நுழைந்தது.

"என்ன மாப்ள இது, தொளதொளங்குது? அப்பன் சட்டையப் புள்ள போட்டுக்கிட்ட மாதிரி!" என்று சவரிராஜ் சிரித்தான்.

செபஸ்தியம்மாளுக்கு முகம் சுண்டிவிட்டது. கயிற்றை எடுத்துப் பழைய டயரில் சுற்றினாள். முடிச்சு சேர்ந்தது. புதிதில் சுற்றினாள். அதிலும் சேர்ந்தது. பழைய டயரைத் தூக்கிப் புதியதின் மேல் போட்டாள். வெளி விளிம்பு இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தின. நடு ஓட்டை மட்டும் பொருந்தவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அப்பா அளந்தது வெறும் மரச்சக்கரத்தை. பட்டா போய் உட்காருகிற இடத்தை. அவள் அளந்தது டயர் போட்ட சக்கரத்தை. கால் அளவு கேட்டதற்குச் செருப்போடு சேர்த்து அளந்து கொடுத்துவிட்டாள்.

"எந் தப்புதான்" என்றாள். "எல்லாம் எந் தப்புதான். அறிவு கெட்டவ நானு."

மிக்கேல் கீழே உட்கார்ந்து சக்கரத்து இரும்பில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஏமாற்றம் இல்லை. ஆச்சரியமும் இல்லை. வருமென்று தெரிந்த விருந்தாளி வந்துவிட்டது போல இருந்தான். அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணே, நீ வூட்டுக்குப் போ. அப்பறமா வா."

சவரிராஜ் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

"பாய் ஒரு நம்பரு கேட்டாரே" என்றாள் செபஸ்தியம்மாள். "நீங்க பதினெட்டுன்னீங்க. இந்தச் சக்கரம் என்ன நம்பரு?"

அவன் ஒரு வைக்கோலைப் பிடுங்கினான். இன்னொன்றைப் பிடுங்கினான்.

"பதினாறு."

"எப்பலேருந்து தெரியும்?"

"ஏலத்துல எடுத்த அன்னிக்கே. முன்சக்கரந்தான் பதினெட்டு. பின்னாடி எவனோ மாத்திப் பதினாறு போட்டுருக்கான். குண்டு டயரா இருக்கறதால வெளியில பாத்தா ரெண்டும் ஒண்ணாத் தெரியும்."

"நான் கயித்தப் புடிச்சப்ப?"

"சொல்லணும்னுதான் நெனச்சேன்."

"கொட்டாவி விட்டீங்க."

வாசலில் கோழி ஒன்று வைக்கோலைக் கிளறியது.

"போவணும்னா போறேன்னு சொல்லிட்டுப் போவறதுதானே? என்னை எதுக்கு ஊரு ஊரா இழுத்தடிச்சீங்க?"

"போவணும்னு சொல்ல வாய் வரல செபஸ்தி." அவன் குரல் எங்கோ தூரத்திலிருந்து வருவது போல இருந்தது. "டயரு கெடைக்கல, வேல போயிருச்சு, வேற வழியில்லன்னு போனா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நீயும் கேக்க மாட்ட. அங்க ஒருத்தன் போன்னா போவேன். நில்லுன்னா நிப்பேன். சோறு போட்டா தின்பேன். இங்க தெனமும் நானே எந்திரிச்சு, நானே கெளம்பி, நானே திரும்பி வரணும். ஒவ்வொரு நாளும் வரணும். அது அலுப்பா இருக்கு."

அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்துவதற்கும் தெம்பு வேண்டும். அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"எனக்கும் தெனமும் அடுப்பப் பத்த வக்கிறது அலுப்பாத்தான் இருக்கு" என்றாள். "போறதுன்னா போறேன்னு வாயத் தொறந்து சொல்லிட்டுப் போங்க. டயரு மேல பழியப் போட்டுட்டுப் போவாதீங்க. நாளைக்கு நான் போயி மாத்தியாறேன்."

"கயிறு வேணாம். பதினாறுன்னு கேளு, குடுப்பாரு."

"உங்க சொல்ல நம்பி இன்னொரு தடவ போவ என்னால முடியாது. சக்கரத்தையே தூக்கிட்டுப் போறேன்."

*

சனிக்கிழமை பஸ்ஸில் அவள் தோளில் டயரும் தலையில் சக்கரமுமாக ஏறியபோது கண்டக்டர் கையை அகல விரித்து வழியை மறித்தார்.

"என்னம்மா, பஸ்ஸுக்கு ஸ்டெப்னி கொண்டாந்தியா? நல்ல நேரத்துல வந்த போ. எங்க டயரும் வெடிக்கற மாதிரிதான் இருக்கு."

"கேட்டாக் குடுப்பேன். மொதல்ல ஏத்துங்க."

பஸ் முழுக்கச் சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்திருக்கும், கழுத்து வலிக்காமல் இருந்திருந்தால்.

ராவுத்தர் சக்கரத்தைப் பார்த்ததும் பலகையிலிருந்து எழுந்துவிட்டார். விரலால் இரும்பு விளிம்பைத் துடைத்து, குத்தியிருந்த எண்ணைப் படித்தார்.

"இது பதினாறாச்சே தாயி! உன் வூட்டுக்காரரு பதினெட்டுன்னாரே. பட்டாளத்துல வண்டி ஓட்டுன மனுசனுக்கு இது தெரியாதா?"

அவள் புளியமரத்து நிழலைப் பார்த்தாள்.

"காச்சலுங்க பாய். பர்மாவுல வந்த மலேரியா. விட்டு விட்டு வரும். அன்னிக்கு நின்னதே பெருசு. அவரு என்ன சொன்னாருன்னு அவருக்கே தெரியாது."

ராவுத்தர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அல்லா சொகம் குடுப்பான்" என்று சொல்லிவிட்டு மூலைக்குப் போனார். குண்டு டயர் இன்னும் அங்கேதான் இருந்தது. அவர் டியூப்பையும் மாற்றிக் கொடுத்தார். செபஸ்தியம்மாள் டயரைச் சக்கரத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். அது உட்காரவில்லை, மேலேயே இறுகி நின்றது. நெம்பி ஏற்றினால்தான் ஏறும். இந்தத் தடவை கயிற்றை அவள் எடுக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சவரிராஜ் கடப்பாரையோடு வந்தான்.

"ஞாயித்துக்கெழமை வேல செய்யக்கூடாதுன்னு சாமியாரு சொன்னா?" என்றான்.

"பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கறேன். நீ நெம்பு."

மிக்கேல் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். வாசலில் இருவரும் டயரோடு மல்லுக்கட்டினார்கள். ஒரு பக்கம் ஏற்றினால் மறுபக்கம் வெளியே வந்தது. சவரிராஜ் கடப்பாரை முனையை உள்ளே கொடுத்து மூச்சைப் பிடித்து அழுத்தினான். இரும்பில் இரும்பு உரசும் கிறீச்சென்ற சத்தம் வந்தது. உள்ளே கட்டில் முனகியது.

"தள்ளு மச்சான்" என்றான் மிக்கேல், நிலைப்படியில் நின்று. "கடப்பாரை டியூப்பக் கிழிச்சிரும்."

சவரிராஜ் நகர்ந்துகொண்டான். மிக்கேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டியூப்பில் கொஞ்சமாகக் காற்றடித்து உருண்டையாக்கினான். சோப்புத் தண்ணீர் கேட்டான். விளிம்பு முழுக்கத் தடவினான். கடப்பாரையை ஒதுக்கிவிட்டு, இரண்டு இரும்புக் கரண்டிக் காம்புகளை வாங்கி, பாதத்தால் டயரை மிதித்தபடி, குழந்தைக்குச் சட்டை மாட்டுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினான். கடைசி விளிம்பு பட்டென்று உள்ளே போனது. அவன் கைகள் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தபோது முகம் அதில் சேரவில்லை. ஆனாலும் கைகள் நிற்கவில்லை.

சக்கரத்தை மாட்டி முடித்ததும், வாளித் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டே, "பாய் என்ன கேட்டாரு?" என்றான்.

"பட்டாளத்து ஆளுக்குத் தெரியாதான்னு கேட்டாரு."

"நீ?"

"காச்சல்னேன்."

அவன் கையைத் துடைக்க வெகு நேரம் எடுத்துக்கொண்டான்.

*

திங்கட்கிழமை இருட்டுப் பிரியும்போது வண்டி உறுமியது. அவன் கூரை இறவாணத்து ஆணியில் தொங்கிய கற்றாழைக் கயிற்றை எடுத்து, பின்னால் சாமான் கட்டும் கம்பியில் சுற்றிக்கொண்டான். பேப்பர்க் கட்டுகளைக் கட்டி வந்த பழைய கயிறு டயர் வெடித்த அன்று அறுந்துபோயிருந்தது. போறேன் என்றும் சொல்லவில்லை. வரேன் என்றும் சொல்லவில்லை. கனத்த அந்த முழக்கம் தெருமுனை திரும்பி, மாதா கோயிலைத் தாண்டி, மெல்லக் கரைந்தது.

அது கரைந்த பிறகுதான் செபஸ்தியம்மாளுக்குத் தான் செய்த காரியம் முழுசாகத் தெரிந்தது. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் அலைந்து, கழுத்து ஒடியச் சுமந்து, அவள் அவனுக்கு அரியலூர் ஸ்டேஷனுக்குப் போகச் சக்கரம் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். இளையபெருமாள் ஏறப்போகும் ரயில் நிற்கும் அதே ஸ்டேஷனுக்கு. இன்றைக்கு மட்டுமல்ல, இனி தினமும். அவன் தினமும் ரயிலைப் பார்ப்பான். தினமும் அதில் ஏறாமல் திரும்ப வேண்டும். எந்த டயரும் அவனை இழுத்து வராது.

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். உலை வைத்தாள். அரிசி களைந்தாள். பிள்ளை எழுந்து வந்து, "அப்பா எங்கம்மா?" என்றது. "பேப்பரு எடுக்கப் போயிருக்கு" என்றாள். வெயில் வாசலில் பாதி தூரம் வந்தது. முழு வாசலையும் பிடித்துக்கொண்டது. வண்டி நிற்கிற இடத்தில் எண்ணெய்க்கறை மட்டும் கிடந்தது. எதிர்வீட்டுப் பெரியம்மாள் வந்து புளி கேட்டாள். கொடுத்தாள். அவள் என்ன பேசினாள் என்று காதில் விழவில்லை. வழக்கமாக வருகிற நேரம் வந்து, கடந்தும் போயிற்று. செபஸ்தியம்மாள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அழவில்லை. அவ்வளவு அசதி.

முதலில் அது மழை என்றுதான் நினைத்தாள். தூரத்தில், கிழக்கே, மழை கட்டுகிற மாதிரி ஒரு முழக்கம். தொப்புத் தொப்பென்ற சத்தம் இல்லை. அவள் எழுந்திருக்கவில்லை. முழக்கம் தெருவுக்குள் வந்து, வாசலில் நின்று, அடங்கியது.

மிக்கேல் புழுதியும் வியர்வையுமாக உள்ளே வந்தான். பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தான்.

"நேரமாயிருச்சே" என்றாள்.

"ரயிலு லேட்டு."

"இளையபெருமாளு வந்திருந்தாரா?"

"வந்திருந்தான்."

"என்ன சொன்னாரு?"

"டயரைச் சுத்திச் சுத்திப் பாத்தான். நல்ல டயருடா, எங்க புடிச்சன்னு கேட்டான்." அவன் இன்னொரு செம்பு தண்ணீர் மொண்டான். "எம் பொண்டாட்டி புடிச்சதுன்னேன்."

"அப்பறம்?"

"அப்பறம் மதராசு போற ரயிலு வந்துச்சு. அவன் ஏறிட்டான்."

அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. பகல் முழுதும் பாரம் இழுத்த மாடு தண்ணீர்த் தொட்டியருகே நிற்கிற மாதிரி நின்றான். பிறகு தோளில் கிடந்த கயிற்றை எடுத்து, முடிச்சு பிரியாமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, இறவாணத்து ஆணியில் மாட்டினான்.

"சோத்தப் போடு" என்றான். "படுக்கணும். நாளைக்கும் போவணும்."

அவள் தட்டை எடுத்து வைத்தாள்.